அறிவியல் புனைவுத் தொடரின் பைலட்டுக்கு டைட்டில் காட்சி அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு தொடரை ஏற்பதா வேண்டாமா என்று தொலைக்காட்சி நிலையம் முடிவெடுப்பதற்காக எடுக்கப்படும் முதல் அத்தியாயமே பைலட். அந்த முடிவு வந்த பிறகு நடிகர் மாறலாம், தொடரின் பெயர் மாறலாம், மொழியும் கூடலாம். ஆகவே பைலட்டின் டைட்டில் காட்சியில் இரண்டு குணங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: பெயர்கள் தெளிவாக வாசிக்கப்பட வேண்டும், எந்தப் பெயரையும் மற்றவற்றைக் குலைக்காமல் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

திருகோணமலையில் இந்த வேலையைப் பழகவரும் இளைஞர்கள் பெரும்பாலும் விண்மீன் கூட்டத்திலிருந்தோ விண்கலத்திலிருந்தோதான் தொடங்குகிறார்கள். பல நாள் உழைத்துப் படத்தை முடித்தபின், முதலெழுத்துகளோடு கூடிய நீண்ட தமிழ்ப் பெயர்களை வைக்க அதில் இடமில்லை என்று காண்கிறார்கள். இந்த வழிகாட்டி எழுத்திலிருந்து தொடங்கிப் படத்துக்குப் போகிறது. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நிலையத்தின் தொழில்நுட்ப விவரம். இலங்கையில் ஒளிபரப்பு நொடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் நடக்கிறது. கைத்தொலைபேசிகளும் பல கமராக்களும் கடையிலிருந்து வரும்போது 30 பிரேமில் இருக்கும். அப்படியே எடுத்து 25 பிரேம் திட்டத்தில் போட்டால், மெதுவாக நகரும் காட்சிகள் சிறிது சிறிதாகத் தடுக்கி நகரும். டைட்டில் காட்சியில் எல்லாமே மெதுவாக நகர்வதால் இந்தக் குறை முதற்பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, எந்தெந்தப் பெயர்கள், எந்த ஒழுங்கில், யாருக்குத் தனி அட்டை (ஒருவர் பெயர் மட்டும் வரும் திரை) என்பதைத் தயாரிப்பாளர் எழுத்தில் தர வேண்டும். நம்மிடையே முதன்மை நடிகர்களில் தொடங்கி, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, எழுத்து, தயாரிப்பு என்று வந்து இயக்குநரில் முடிப்பதே வழக்கம். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு தொடங்கினால் கடைசி வாரத்தில் ஒழுங்கு மாறும்.

மூன்றாவது, காட்சி எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது. பைலட்டுக்கு நாற்பது நொடிக்கு மேல் கேட்காதீர்கள். முடிவெடுப்பவர்கள் கதையைப் பார்க்க அமர்ந்திருக்கிறார்கள். பல பைலட்டுகளில் தலைப்பு மட்டும் சில நொடிகள் வந்து போக, பெயர்கள் முதற்காட்சியின் மேலேயே ஓடும். முழு டைட்டில் காட்சி தொடர் ஏற்கப்பட்ட பின்னரே செய்யப்படும். உங்கள் தயாரிப்பாளர் அதைத்தான் விரும்புகிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

2. பெயர்களைத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்துதல்

பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வரும். அதை யுனிகோடுக்கு மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். காலுக்குப் பதிலாக ரகரம் தட்டப்பட்டிருப்பது மிகப் பரவலான பிழை. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தோன்றுவதால் கண் ஏமாறும், ஆனால் வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும் பெயர் குலைந்து நிற்கும். ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன் போன்ற பெயர்களையும் தனியே பாருங்கள். ஸ்ரீ என்பதை யுனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம். சில எழுத்துருக்கள் அவற்றில் ஒன்றை மட்டுமே கூட்டெழுத்தாகக் காட்டும்.

திருத்திய பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயருக்கு எதிரே கையொப்பம் வாங்குங்கள். ஜெயசீலனா செயசீலனா, முதலெழுத்துக்குப் பின் புள்ளி வருமா வராதா என்பதை அந்தப் பெயருக்குரியவரே தீர்மானிக்க வேண்டும். தன் பெயரை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் காணப்போகிறவருக்கு அது பிழையாக வருவது சிறிய விஷயமன்று.

3. ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்தல்

விளக்குவதற்காக ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளில் ஒன்றில் வெப்பநிலை திடீரென மாறுகிறது. அந்த நீர் வேறோர் உலகத்தோடு தொடர்புடையது என்று ஓர் ஆய்வாளர் கண்டறிகிறார். தொடரின் பெயர் 'வெந்நீர்க் கோள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கான டைட்டில் காட்சியில் நீரைத் தவிர வேறு எதுவும் வர வேண்டாம். விண்கலம், மரபணுச் சுருள், கணினிக் குறியீடு, ஆய்வாளரின் முகம் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் நாற்பது நொடியில் எதுவும் மனத்தில் தங்காது. ஒரே பொருளை அருகிலும் தூரத்திலும், மெதுவாகவும் தலைகீழாகவும் காட்டும்போதுதான் அது அந்நியமாகத் தோன்றத் தொடங்குகிறது. 1963இல் பி.பி.சி. தொடங்கிய டாக்டர் ஹூ தொடரின் முதல் டைட்டில் காட்சியின் அலைகள், கமராவை அதன் படத்தையே காட்டும் திரைக்கு நேராகத் திருப்பிப் பெறப்பட்டவை. அதற்குத் தேவைப்பட்டது ஒரு கமராவும் ஒரு திரையும்தான்.

பொருளைத் தேர்ந்ததும் கதைக்கும் அதற்கும் உள்ள உறவை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் பொருளை மாற்றுங்கள். 'இந்த நீரே அந்தக் கோளின் வானம்' என்பது நம் உதாரணத்துக்குப் போதும். பின்னர் வரும் ஒவ்வொரு ஷாட்டையும் இந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டே ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

4. இசையின் வேகத்தைப் பிரேம் கணக்கோடு பொருத்துதல்

படம் முடிந்தபின் இசையைத் தேடுவது அடுத்த பெரிய தவறு. இசையமைப்பாளரிடம் முதலில் வேகத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். மெட்டு பிறகு வரலாம்.

நிமிடத்துக்கு 120 தட்டு என்பது பலரும் எடுத்த எடுப்பில் வைக்கும் வேகம். 25 பிரேமில் அது தட்டுக்குப் பன்னிரண்டரைப் பிரேம் ஆகிறது. அரைப் பிரேம் என்று ஒன்று இல்லாததால் வெட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று தாளத்திலிருந்து விலகும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் தட்டுக்குச் சரியாக 15 பிரேம், 125 என்றால் 12 பிரேம், 75 என்றால் 20 பிரேம். இவற்றில் ஒன்றை எடுங்கள்.

100 தட்டு வேகத்தில் நான்கு தட்டுக் கொண்ட ஒரு சுற்று 60 பிரேம், அதாவது 2.4 நொடி. பதினாறு சுற்று 960 பிரேம், 38.4 நொடி. இரண்டு சுற்று வெறும் நீர், நான்கு சுற்று தலைப்பு, எட்டுப் பெயர் அட்டைகளுக்கு ஒவ்வொரு சுற்று, இயக்குநருக்கு இரண்டு சுற்று என்று பிரித்தால் கணக்கு முடிகிறது. நீண்ட பெயரை நிதானமாக இருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், 2.4 நொடிக்குள் முடியாவிட்டால் அந்த அட்டைக்கு மேலும் ஒரு சுற்றைக் கொடுத்து, வேறிடத்தில் குறையுங்கள்.

5. தலைப்பெழுத்தை உருவாக்குதல்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. அறிவியல் புனைவுத் தலைப்பு என்றாலே மெல்லிய கோடுகளும் எழுத்துகளுக்கிடையே அகன்ற இடைவெளியும் என்ற பழக்கம் ஆங்கில எழுத்துகளை வைத்து உருவானது. தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் மூன்று இடங்களில் உடையும்.

முதலாவது, இடைவெளி. மென்பொருளின் எழுத்து இடைவெளி வசதியைக் கூட்டினால், 'கோ' என்ற ஓரெழுத்து இரட்டைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். 'வெ' இரண்டாகும். எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும் அசைவு வசதியைப் போட்டாலும், முதலில் கொம்பு மட்டும் தனியாக வந்து நிற்கும். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவதும் உண்டு. அசைவூட்ட மென்பொருளான ஆப்டர் எபெக்ட்ஸின் சில பதிப்புகளில் விருப்பத் தேர்வுகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான பொறியைத் தெரிவு செய்தால் இது சரியாகும்.

நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். அது தமிழைச் சரியாகக் கோக்கும், இலவசமாகவும் கிடைக்கும். பிறகு எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றுங்கள். இப்போது ஒவ்வொரு துண்டும் தனியாக இருக்கும். ககரத்தோடு அதன் இரட்டைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரு குழுவாக்குங்கள். நகர மெய்யோடு அதன் புள்ளியைச் சேருங்கள். 'வெந்நீர்க் கோள்' என்பது வெ, ந், நீ, ர், க், கோ, ள் என ஏழு குழுவாக வரும். அதன் பின்னரே குழுக்களுக்கிடையே இடைவெளியைக் கையால், கண்ணுக்குச் சமமாகத் தோன்றும்படி நகர்த்துங்கள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டருக்கு எஸ்.வி.ஜி. கோப்பாகவும், ஆப்டர் எபெக்ட்ஸுக்கு ஒவ்வொரு குழுவையும் தனித்தனிப் பி.டி.எப். கோப்பாகவும் சேமியுங்கள்.

ஏழு எழுத்து என்பது நம் உதாரணத்தில் ஒரு வசதி. தட்டுக்கு ஓரெழுத்தாக ஏழு தட்டில் ஏழும் தோன்றி, எட்டாவது தட்டில் முழுத் தலைப்பும் ஒளிபெற்றால் இரண்டு சுற்று நிறைகிறது. மீதி இரண்டு சுற்று வாசிப்பதற்கு. ஏழு கிணறுகளையும் அறிந்த திருகோணமலைப் பார்வையாளர் ஒருவேளை எண்ணிப் பார்ப்பார். எண்ணாதவருக்கும் எதுவும் குறையாது.

இரண்டாவது, புள்ளி. இந்தத் தலைப்பில் நான்கு மெய்யெழுத்துகள் உள்ளன. பின்னணியில் விண்மீன்களோ நீர்க்குமிழிகளோ இருந்தால், புள்ளி அவற்றோடு கலந்து மறையும். அதைவிட மோசமாக, ககரத்துக்கு மேலே தற்செயலாக வந்த ஒரு குமிழி அதை 'க்' என்று வாசிக்க வைக்கும். எழுத்தைச் சுற்றிப் புள்ளியின் அளவுக்கு நெருங்கிய எதுவும் இல்லாதபடி பின்னணியைத் துடைத்துவிடுங்கள். புள்ளியைச் சிறிது பெரிதாக்குவதும் தவறில்லை.

மூன்றாவது, கோட்டின் தடிப்பு. படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் இன்டர்லேஸ் முறையில் ஒளிபரப்பாகும்போது மிக மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கும். எந்தக் கோடும் மூன்று பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் பல தடிப்புகளில் இலவச உரிமத்தோடு கிடைக்கின்றன. தலைப்பை இவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கிச் செதுக்கலாம். பெயர்களைச் செதுக்காமல் அப்படியே விடுங்கள்.

எல்லா எழுத்தும் பாதுகாப்பு எல்லைக்குள், அதாவது தொலைக்காட்சி ஓரங்களை வெட்டினாலும் தப்பும் பகுதிக்குள், இருக்க வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் ஐந்து வீதம் ஒதுக்கினால் இருபக்கமும் 96 பிக்சலும் மேலும் கீழும் 54 பிக்சலும் வரும். 'நீ' போல மேலே வளையும் எழுத்துகளையும் 'ழு' போலக் கீழே இறங்கும் எழுத்துகளையும் வைத்தே வரியின் உயரத்தைக் கணக்கிடுங்கள்.

6. அசையும் வரைவு

பென்சிலால் வரைந்த சட்டகங்களையும் சரியான பெயர் அட்டைகளையும் தட்டுச் சத்தத்தோடு காலக்கோட்டில் அடுக்கி, தயாரிப்பாளரிடம் காட்டுங்கள். படம் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் எழுத்து இறுதி வடிவத்தில் இருக்கட்டும். இங்கே ஒப்புதல் கிடைக்காமல் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசும் நேரமும் செலவாகும்.

7. தொட்டியில் வானத்தை உருவாக்குதல்

கோளின் முகில்களுக்குக் கணினி தேவையில்லை. ஒரு கண்ணாடி மீன்தொட்டி, கட்டி உப்பு, பால், பாமசியில் வாங்கிய ஊசிக்குழல், மெல்லிய வளையும் குழாய், கறுப்புத் துணி ஆகியவை போதும்.

பத்து லீற்றர் நீருக்கு ஒரு கிலோ உப்பு என்ற அளவில் கரைத்து வடிகட்டுங்கள். தூள் உப்பில் கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் நீரைக் கலங்கச் செய்வதால் கட்டி உப்பே ஏற்றது. தொட்டியின் கீழ்ப்பாதியில் உப்புநீரை ஊற்றி, அதன் மேல் பொலித்தீன் தாளை விரித்து, தாளின் மேல் நன்னீரை மிக மெதுவாக ஊற்றுங்கள். தாளை ஒரு மூலையிலிருந்து கலக்காமல் இழுத்தெடுத்தால் இரண்டு நீரும் தனித்தனி அடுக்காக நிற்கும். ஓரிரவு அப்படியே விட்டால் குமிழிகள் வெளியேறிவிடும்.

பால் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது, இந்த உப்புநீரைவிட இலேசானது. ஆகவே குழாயின் முனையை மேல் அடுக்கில் வைத்துப் பாலை மெல்லச் செலுத்தினால், அது உருண்டு உருண்டு இறங்கி, உப்புநீரின் மேற்பரப்பைத் தொட்டதும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் விரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால், கீழிருந்து எழும் முகில் கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டிப் பரவுவதுபோல இருக்கும். ஊசியை அழுத்தும் வேகமே முகிலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வேகமாக அழுத்தினால் அடுக்கு உடைந்து தொட்டி முழுவதும் வெளிறிவிடும்.

ஒரு நிரப்பலில் நல்ல ஷாட் ஒன்றுதான் கிடைக்கும், அடுத்ததற்கு நீரை மாற்ற வேண்டும். எனவே அசையும் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் பாலைச் செலுத்துங்கள். பெயருக்குரிய இடம் இருட்டாகவே இருக்க வேண்டும்.

வெளிச்சத்தை மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ மட்டும் கொடுங்கள். முன்னாலிருந்து கொடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகமே தெரியும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சாதாரண மின்குமிழ்கள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 50 பிரேமில், நூறில் ஒரு நொடி ஷட்டரில் எடுத்தால் அது தெரியாது. கைத்தொலைபேசியில் 120 பிரேமில் எடுத்தால் படம் முழுவதும் துடிக்கும், அதைப் பின்னர் நீக்குவது மிகக் கடினம். மோட்டார் சைக்கிள் பற்றரியில் எரியும் 12 வோல்ட் எல்.ஈ.டி. விளக்கைப் பாவித்தால், அதில் மங்கலாக்கும் ஆளி இல்லாதவரை இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

8. வெளிப்புறப் படப்பிடிப்பு

தொட்டிக் காட்சிகளுக்கிடையே உண்மையான நீரின் இரண்டு மூன்று ஷாட்டுகள் வேண்டும். இல்லாவிட்டால் அளவு என்ற உணர்வே வராது. உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், விடிந்த முதல் அரைமணி நேரத்தில் அலைகள் பின்னொளி பெற்று உலோகத் தகடுபோலத் தெரியும். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை இங்கே மழைக்காலம். அப்போது கடலும் கொந்தளிக்கும், வானமும் மூடியிருக்கும். திட்டத்தை அதற்கு முன்னோ பின்னோ வையுங்கள்.

அனுமதி விஷயத்தில் அவசரம் வேண்டாம். கன்னியா தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள இடம். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவமும், துறைமுகத்தில் கடற்படையும், சீனன்குடாவில் விமானப்படையும் இருக்கின்றன. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் தனியே உண்டு. கடிதங்களை வரைவு ஒப்புதலான அன்றே அனுப்பிவிட்டால், தொட்டி வேலை முடிவதற்குள் பதிலை எதிர்பார்க்கலாம்.

9. படத்தையும் எழுத்தையும் இணைத்தல்

முதலில் எழுத்து அடுக்கைப் போட்டு, அதன் கீழே படத்தைப் பொருத்துங்கள். ஒவ்வொரு பெயரும் தனி அடுக்காக, தனி அசைவோடு இருக்க வேண்டும். பாலின் ஓட்டத்தால் பெயர் கலைவதுபோன்ற விளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடிகர் மாறியவுடன் அதைப் புதிதாகச் செய்ய வேண்டிவரும். அந்த உழைப்பைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் எட்டுப் பிரேமில் தோன்றி, நின்று, எட்டுப் பிரேமில் மறைந்தால் போதும்.

இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் இடங்களில் படிப்படியான வளையங்கள் தெரிந்தால், திட்டத்தின் நிற ஆழத்தை 16 பிட்டுக்கு மாற்றி, மேலே மெல்லிய மணல்போன்ற இரைச்சலைச் சேருங்கள். அறிவியல் புனைவின் கரும்பின்னணியில் இந்தக் குறை எப்போதும் வரும். உங்கள் கணினித் திரையில் தெரியாமல் நிலையத்தின் திரையில் தெரியும்.

10. ஒலி

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கமாக நின்றால், பாறையிடுக்கில் அலை அறையும் ஆழமான ஒலியைப் பதிவு செய்யலாம். காற்றுத் தடுப்பு இல்லாமல் போகாதீர்கள். 96 கிலோஹேர்ட்ஸில் பதிந்து பாதி வேகத்தில் ஓடவிட்டால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும். கடல் என்று யாருக்கும் தோன்றாது, ஆனால் உயிருள்ள ஏதோ ஒன்று மூச்சு விடுவதை உணர்வார்கள். கோயில் மணியோ தவிலோ பின்னணியில் விழுந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

ஒலியளவை நிலையம் கேட்கும் அளவில் கொடுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பின் ஈ.பி.யூ. ஆர் 128 தரத்தில் அது மைனஸ் 23 லஃப்ஸ் (ஒலியளவின் அலகு). இசை கடைசிப் பிரேமில் அறுந்து நிற்காமல், அடுத்த காட்சியின் முதல் நொடிக்குள் கரையும்படி வாலை நீட்டி வையுங்கள்.

11. ஒப்படைத்தல்

நான்கு கோப்புகள் கொடுக்க வேண்டும்: முழுக் காட்சி, எழுத்தில்லாத காட்சி, எழுத்து மட்டும் தெளிந்த பின்னணியில், தலைப்பு மட்டும் வரும் ஐந்து நொடிச் சுருக்கம். எழுத்தில்லாத காட்சி இருந்தால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பெயர் போடக் கேட்கும் நாளில் படத்தைத் தொட வேண்டியிருக்காது. புரோரெஸ் 422 எச்.கியூ. வடிவம் பெரும்பாலும் ஏற்கப்படும்; ஆனால் அதில் தெளிந்த பின்னணி தங்காது என்பதால் எழுத்து மட்டும் உள்ள கோப்பைப் புரோரெஸ் 4444இல் கொடுங்கள். நிலையத்தின் தாளில் வேறு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அடுக்குகளோடு கூடிய திட்டக் கோப்பை, பாவித்த எழுத்துருக்களையும் ஒரே அடைவில் சேர்த்து, இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள்.

அனுப்பும் முன் வீட்டிலுள்ள சாதாரணத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, இந்த வேலையில் தொடர்பில்லாத ஒருவரை வழமையான தூரத்தில் அமர்த்தி, திரையில் வரும் பெயர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் ஒவ்வோர் அட்டைக்கும் திரும்பிப் போங்கள்: நேரம் போதவில்லையா, பின்னணி வெளிச்சமா, எழுத்து மெலிதா என்று பார்த்துத் திருத்தி, வேறொருவரை வைத்து மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட பட்டியலை அப்போது உங்கள் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டுக் குறியிடுங்கள்.